‘காலி’ என்றொரு ஊழியர்

அலுவலகத்தில் அவருக்குச் ‘சர்வர் சார்’ என்று பெயர். மாடிப்படிக்கு அடியில் இருந்த சின்னக் குளிர் அறையில், நிறுவனத்தின் சர்வரைக் கட்டி மேய்ப்பவர் என்பதால் வந்த பெயர். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களில் யாராவது ஒருவர் தவறாமல் அவரிடம் வந்து, "சார், மூணாவது மாடிக்கு ரெண்டு டீ" என்பார்கள். அவரும் முகம் கோணாமல் போய் டீ சொல்லிவிட்டு வருவார். தான் யார் என்று விளக்குவதைவிட டீ சொல்வது சுலபம் என்பது அவருடைய அனுபவம்.

நிறுவனத்தின் தொழில் லிஃப்ட் பழுதுபார்ப்பது. ஊரில் உயரமாக நிற்கிற கட்டிடங்களில் பாதிக்கு இவர்கள்தான் வைத்தியர்கள். லிஃப்ட் நின்றால் போன் வரும். போன் மேசையில் இருப்பவர் புகாரைப் பதிவு செய்வார். மெக்கானிக் கிளம்புவார். இது அத்தனையும் சர்வர் சாரின் டேட்டாபேஸில் அட்டவணை அட்டவணையாகப் போய் உட்காரும். லிஃப்டுகளுக்கு ஓர் அட்டவணை, ஊழியர்களுக்கு ஓர் அட்டவணை, புகார்களுக்கு ஓர் அட்டவணை. புகாரை எடுத்தவர் யார் என்பது புகார் அட்டவணையில் இருக்காது. அவருடைய எண் மட்டும் இருக்கும். பெயர் வேண்டுமென்றால் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு ஊழியர் அட்டவணைக்குப் போக வேண்டும்.

"நம்ம சொந்தக்காரங்க மாதிரிதான். ஒருத்தரைப் பத்தி விசாரிக்கணும்னா இன்னொருத்தர் வீட்டுக்குத்தான் போகணும்" என்று அவர் விளக்குவது வழக்கம். வழக்கமாக இருந்தது என்று சொல்ல வேண்டும். ஒரு வருடமாக அவர் யாருக்கும் எதையும் விளக்குவதில்லை.

ஒரு வருடத்துக்கு முன்னால் அவர் மனைவி இறந்துபோனாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அதே நிறுவனத்தில்தான் அவளும் இருந்தாள். பகல் நேரப் போன் மேசை அவளுடையது. அவளுடைய தம்பி அங்கேயே மெக்கானிக்.

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் போனில் கத்துவார்கள், அழுவார்கள், சாபம் விடுவார்கள். எல்லோருக்கும் அவள் ஒரே பதிலைத்தான் சொல்வாள். "பயப்படாதீங்க. என் தம்பி கிளம்பிட்டான். அவன் வந்து கதவைத் திறக்கிற வரைக்கும் நான் போனை வைக்க மாட்டேன், நீங்களும் வைக்காதீங்க." தம்பி ஒருவன் எத்தனை இடத்துக்குத்தான் போவான்? அவள் கணக்கில் எல்லா மெக்கானிக்கும் தம்பிதான். ஓய்வு பெறப்போகிற மெக்கானிக்கும் தம்பிதான்.

இப்படி நாள் முழுக்கப் பேசிப் பேசி, சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது தொண்டை கட்டிப்போய் ஒரு சொல்லும் வராது. வீட்டில் எல்லாம் சைகைதான். மணிக்கட்டைத் திருகினால் குழாயை மூடு. உள்ளங்கையைக் குவித்தால் சாப்பாடு ஆயிற்றா. வீட்டில் யாருடைய போனாவது அடித்தால் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காதோரம் வைத்து, மறுகையால் எதிரில் இருப்பவரைக் காட்டுவாள். ‘நீ பேசு’ என்று அர்த்தம். அவள் விடுப்புக் கேட்டு எழுதிய விண்ணப்பங்களில் எல்லாம் காரணம் ஒன்றே: தொண்டை சரியில்லை.

ஆகவே அந்த வீட்டில் சாயங்காலங்கள் எப்போதும் சத்தமில்லாமல்தான் இருந்தன. இப்போதும் அப்படியே இருக்கின்றன. வித்தியாசமே தெரியவில்லையே என்று அவருக்குச் சில சமயம் தோன்றும். தோன்றியதோடு சரி. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டு மரத்துப்போன தாடையைப் போல, தொட்டால் ஏதோ இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. அழுவார் என்று சொந்தக்காரர்கள் காத்திருந்து பார்த்தார்கள். நேரமாகிறது என்று கிளம்பிப் போனார்கள்.

இந்த நிலைமையில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து புது மேலாளர் வந்தார். சுறுசுறுப்பான அம்மையார். வந்த வாரமே சர்வர் சாரைக் கூப்பிட்டு விட்டார்.

"சார், இந்த ரிப்போர்ட்டை பிரிண்ட் எடுத்து ஸ்டேப்பிள் அடிக்கிற வேலையெல்லாம் இனிமே வேண்டாம். புதுசா ஒரு அனாலிசிஸ் டூல் வாங்கியிருக்கோம். நம்ம டேட்டாபேஸை அதோட கனெக்ட் பண்ணிடுங்க. ஒரு கிளிக் பண்ணா படமா வந்து நிக்கணும்."

"பண்ணிடலாங்க."

"எவ்வளவு நாளாகும்?"

"கனெக்ட் ஆகுறதுக்கு ஒரு நிமிஷம் போதுங்க. ஆகாம இருக்கிறதுக்குத்தான் நாளாகும்."

மேலாளர் இதைத் தமாஷ் என்று எண்ணிச் சிரித்தார். சர்வர் சார் உண்மையைத்தான் சொன்னார்.

முதல் நாள் கருவிக்கு டேட்டாபேஸின் முகவரியைக் கொடுத்தார். அது வெகுநேரம் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, யாரும் திறக்கவில்லை என்று சொல்லிவிட்டது. வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது என்று சில வருடங்களுக்கு முன் வாசலில் காவல் போட்டவர் அவரேதான். அதில் ஒரு வழியைத் திறந்துவிட்டார். அடுத்து, கருவிக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்கிற டிரைவர் பழையது என்று தகராறு. புதியதைப் போட்டால், சர்வர் பழையது என்று அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. இரண்டுக்கும் நடுவாந்தரமாக ஒன்றைத் தேடிப் பிடித்து, சம்பந்தம் பேசி முடித்தார்.

கடைசியாக ஒரு புதுப் பயனரை உருவாக்க வேண்டியிருந்தது. கருவி அந்தப் பெயரில்தான் உள்ளே வரும். எல்லாவற்றையும் பார்க்கலாம், எதையும் தொடக்கூடாது, மாற்றக்கூடாது என்று அதற்கு அனுமதி எழுதினார். எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தார். தன்னுடைய இப்போதைய உத்தியோகமும் ஏறக்குறைய இதுதான் என்று பட்டது.

அன்று சாயங்காலம் வீட்டில் மகள் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறவள். அவர் சாப்பிடுவதையே பார்த்தாள்.

"எப்படிப்பா இருக்கு?"

"நல்லா இருக்கே."

"உப்பே போடலப்பா நான். மறந்துட்டேன். நீ பாதித் தட்டு முடிச்சிட்ட."

"டாக்டர் குறைக்கச் சொன்னாரு."

"எந்த டாக்டர்?"

"யாராவது ஒரு டாக்டர் சொல்லியிருப்பாரு" என்றார். மகள் சிரிக்கவில்லை. எழுந்து போய் உப்பு டப்பாவை எடுத்து வந்து அவர் முன்னால் டக்கென்று வைத்தாள்.

மறுநாள் கனெக்‌ஷன் கிடைத்தது. கருவி உள்ளே வந்து அட்டவணைகளை எல்லாம் ஒரு சுற்று பார்த்தது. கல்யாணத் தரகர் மாதிரி, யார் எண் யாரிடம் இருக்கிறது என்று தானே கண்டுபிடித்து, இதற்கும் அதற்கும் கோடு போட்டு ஜோடி சேர்த்தது. மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வருஷா வருஷம் எத்தனை புகார் வந்திருக்குன்னு காட்டுங்க."

கிளிக் செய்தார். படம் வந்தது. பல வருடங்களாகத் தரையோடு தரையாகக் கிடந்த பட்டைகள், போன வருடத்தில் திடீரென்று எழுந்து சுவர் மாதிரி நின்றன.

மேலாளர் வாயில் கை வைத்துக்கொண்டார். "அம்மாடி! போன வருஷம் என்ன சார் ஆச்சு?"

அவர் யோசித்துப் பார்த்தார். "ஒண்ணும் ஆகலைங்களே" என்றார்.

"தலைமை மெக்கானிக் எப்பப் பொறுப்பெடுத்தாரு?"

"போன வருஷந்தாங்க."

மேலாளர் பேனாவால் மேசையைத் தட்டினார். "வெள்ளிக்கிழமை மேலிடத்துல இருந்து ஆளுங்க வர்றாங்க. ரிப்பேர் வேலையை வெளி கான்ட்ராக்டருக்குக் குடுத்துட்டு நம்ம மெக்கானிக்குகளை அனுப்பிடலாமான்னு ஒரு பேச்சு ஓடுது. நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டிருந்தேன். இந்தப் படத்தைப் பார்த்தா நானே வாயைத் திறக்க முடியாது போலிருக்கே." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவர் உங்க மச்சினன்னு சொன்னாங்க. தப்பா எடுத்துக்காதீங்க சார்."

"இல்லைங்க" என்றார். எடுத்துக்கொள்வதற்கு உள்ளே இடம் எதுவும் திறந்திருக்கவில்லை.

செய்தி அன்று மதியத்துக்குள் பட்டறைக்குப் போய்விட்டது. லிஃப்டைவிட வேகமாக இந்த அலுவலகத்தில் போகக்கூடியது அது ஒன்றுதான். மச்சினன் கையில் கிரீஸோடு, ஸ்க்ரூ டிரைவரைக்கூடக் கீழே வைக்காமல் குளிர் அறைக்குள் வந்து நின்றான்.

"என்ன மாமா, படம் வரைஞ்சு என் கழுத்துல கத்தி வச்சிட்டீங்களாமே?"

"நான் வரையலடா. அது தானா வரையுது."

"தானாவா? லிஃப்ட் தானா நின்னு போச்சுன்னுதான் எல்லாரும் போன் பண்ணுவாங்க. போய்ப் பார்த்தா எவனாவது கதவு இடுக்குல செருப்பை வச்சிருப்பான்."

"எண்ணிக்கை அப்படித்தான் காட்டுது மாப்ள."

"பசங்க எல்லாம் என் மூஞ்சியையே பார்க்கிறாங்க. வீட்டுக்கு அனுப்பிருவாங்களான்னு கேட்கிறாங்க. ஒருத்தனுக்கு இப்பதான் ரெட்டைக் குழந்தை பிறந்திருக்கு. நான் என்ன சொல்லட்டும்? எங்க மாமா கம்ப்யூட்டர்ல அப்படித்தான் வருதுன்னு சொல்லட்டுமா?"

மச்சினன் கதவுவரை போனவன் திரும்பினான்.

"அதுக்கு முந்தின வருஷமெல்லாம் போனே வரலைன்னு காட்டுதாமே. அப்ப அக்கா தினம் தொண்டை கட்டி வீட்டுக்கு வந்தது எதனால மாமா? ஊமைப்படம் நடிச்சாளா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது போலிருக்கிறது. ஒரு வருடமாக இரண்டு பேரும் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஸ்க்ரூ டிரைவரைப் பையில் சொருகிக்கொண்டு தலை குனிந்து போய்விட்டான்.

சர்வர் சார் விளக்கு மினுக்குகிற பெட்டியின் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். பிறகு கருவியை மூடிவிட்டு நேராக டேட்டாபேஸிடமே கேட்டார். புகார் அட்டவணையில் மட்டும், யாரோடும் சேர்க்காமல், மொத்தம் எத்தனை? ஒரு பெரிய எண் வந்தது. ஊழியர் அட்டவணையோடு சேர்த்தால் எத்தனை? பாதிக்கும் கீழே போனது. மீதிப் புகார்கள் எங்கே? அங்கேயேதான் இருந்தன. ஆனால் அவற்றை எடுத்த ஊழியர் என்று ஒரு எண் போட்டிருந்தது, அந்த எண்ணுக்கு உரியவர் ஊழியர் அட்டவணையில் இல்லை. ஜோடி கிடைக்காததால் கருவி அந்தப் புகார்களைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டிருந்தது.

எல்லாவற்றிலும் ஒரே எண். அது யாருடையது என்று அவர் எங்கும் போய்ப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவள் அடையாள அட்டையை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போகிற பழக்கம் உள்ளவள். அதை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடியவர் அவர்தான்.

இப்போது அவருக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. ஞாபகம் எங்கேயும் போயிருக்கவில்லை. மயக்க மருந்தில் கேட்ட பேச்சைப் போல இருந்தது, அவ்வளவுதான். எல்லாம் முடிந்து அவர் முதன்முதலாக வேலைக்குத் திரும்பிய நாள். ஊழியர் பிரிவிலிருந்து ஒரு வரிச் செய்தி வந்திருந்தது: வழக்கமான மாற்றத்தைச் செய்யவும்.

வழக்கம் என்னவென்றால், வேலையை விட்டுப் போனவர்களின் விவரம் உள்ள வரிசையை ஊழியர் அட்டவணையிலிருந்து யாரும் அழிப்பதில்லை. ‘நிலை’ என்றொரு கட்டம் இருக்கிறது. அதில் மூன்றே சொற்கள் போடலாம்: பணியில், விடுப்பில், விலகியவர். மூன்றையும் தேர்ந்தெடுத்து அந்த விதியை எழுதி வைத்தவர் அவரே. அன்றைக்கு அவர் மூன்று சொற்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவள் பணியில் இல்லை. விடுப்பு என்றால் திரும்பி வர வேண்டும். விலகியவர் என்று போடலாமென்றால், அவள் எங்கே விலகினாள்? கடைசி நாள்கூட ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து, மேசையைப் பூட்டினேனா என்று சைகையில்தான் கேட்டாள்.

பொருத்தமான சொல் கிடைக்காததால் வரிசையையே அழிக்கப் பார்த்தார். டேட்டாபேஸ் மறுத்தது. இந்த வரிசையை நம்பி வேறு வரிசைகள் இருக்கின்றன, அழிக்க முடியாது என்றது. அந்தக் கட்டிடத்திலேயே அன்றைக்கு நிதானமாக இருந்தது அது ஒன்றுதான். அழிக்கவிடாத அந்தக் காவலை அவர் நிறுத்தினார், வரிசையை அழித்தார், காவலை மறுபடி ஓடவிட்டார், போய்ச் சாப்பிட்டார். அன்றைக்கு என்ன சாப்பிட்டார், அதில் உப்பு இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

கதவு இடுக்கில் செருப்பை வைத்தவன் வேறு யாருமில்லை.

இதற்கும் அவருக்கு அழுகை வரவில்லை. எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, கருவியைத் திறந்தார். ஜோடி இருக்கிறதோ இல்லையோ, எல்லாப் புகாரையும் காட்டு என்று இணைப்பை மாற்றினார். தரையில் கிடந்த பட்டைகள் ஒவ்வொன்றாக எழுந்து, போன வருடப் பட்டைக்குச் சமமாகத் தோளோடு தோள் நின்றன. எந்த வருடமும் கூடவுமில்லை, குறையவுமில்லை.

மறுநாள் காலை மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"நேத்து வேற மாதிரி இருந்துதே சார்?"

"நேத்து நான் சேர்த்தது தப்புங்க. சிலது விட்டுப்போச்சு."

"யார் எடுத்த புகார் விட்டுப்போச்சு? ஆள் வாரியா பிரிச்சுக் காட்டுங்க."

ஆள் வாரியாகப் பிரித்தார். இரவு மேசைக்காரருக்கு ஒரு பட்டை, புதிதாகப் பகல் மேசைக்கு வந்த பெண்ணுக்கு ஒரு பட்டை, இடையில் வந்து போனவர்களுக்குக் குட்டிக் குட்டியாகச் சில. எல்லாவற்றையும் குனிந்து பார்க்கிற உயரத்தில், தனியாக ஒரு பட்டை. அதன் அடியில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கருவி ‘காலி’ என்று எழுதியிருந்தது.

"யாரு சார் இந்தக் காலி? எல்லாரையும் விட அதிகமா வேலை பார்த்திருக்காரு!"

அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதி வழியில் நின்றுவிட்டது, இரண்டு மாடிக்கு நடுவில் நின்ற லிஃப்ட் போல. அவர் மனைவி இறந்தது மேலாளருக்குத் தெரியும். அவள் எந்த மேசையில் இருந்தாள் என்பது தெரியாது.

"பேரில்லாத டேட்டாவை வச்சிக்கிட்டு மேலிடத்துல பேச முடியாது சார். மச்சினனைக் காப்பாத்த நீங்களே உள்ள போட்டுட்டீங்கன்னு சொல்லிடுவாங்க. எனக்கு நம்பிக்கை இருக்கு, அது வேற. குப்பை டேட்டாவை ஃபில்டர் பண்ணி எடுத்துடுங்க."

"குப்பை இல்லைங்க."

"பின்ன?"

"ஆள் இருக்குங்க" என்றார். "பேர் போட்டுடறேன்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள?"

"இன்னைக்கே."

மதிய உணவு இடைவேளையில் அலுவலகம் காலியாக இருந்தது. பழைய நகல் ஒன்றிலிருந்து அந்த வரிசையை எடுத்து அப்படியே ஒட்டியிருக்கலாம். அப்படிச் செய்வதுதான் முறையும்கூட. அவர் செய்யவில்லை. கட்டம் கட்டமாகக் கையாலேயே அடித்தார். எண் அடித்தார். அடுத்தது பெயர்.

ஒரு வருடமாக அந்தப் பெயரை அவர் வாயால் சொல்லவில்லை, கையால் எழுதவில்லை. வீட்டில் ‘உங்கம்மா’, ஆஸ்பத்திரியில் ‘நோயாளி’, காப்பீட்டுக்காரர்களிடம் ‘மேற்படி நபர்’. விரல் முதல் எழுத்தின் மேல் நின்றது. கீழே போகவில்லை. விரலைப் பார்த்தார். இது யாருடைய விரல் என்பது போலப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு எழுத்தாக, தட்டச்சுப் பழகுகிற பிள்ளை மாதிரி, அடித்து முடித்தார். ஓர் எழுத்தும் தப்பாகவில்லை. அதுதான் ஆச்சரியம்.

மேசை: பகல் போன். தொலைபேசி எண். சேர்ந்த தேதி. அப்புறம் ‘நிலை’. அதே மூன்று சொற்கள் வரிசையில் நின்றன. ஒரு வருடத்தில் நான்காவதாக ஒன்று சேர்ந்திருக்கும் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. அந்தக் கட்டத்தைத் தொடாமல் விட்டுவிட்டு, சேர் என்று அழுத்தினார்.

ஒரு வரிசை சேர்க்கப்பட்டது என்றது டேட்டாபேஸ். பழசை எதுவும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை மேலிடத்து ஆட்கள் வந்தார்கள். மச்சினன் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, நகத்தில் மட்டும் கருப்போடு, மூலை நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். மேலாளர் முதல் படத்தைப் போட்டார். வருடங்கள் தோளோடு தோள் நின்றன. புகார் கூடவில்லை, சரிசெய்ய ஆகிற நேரம்தான் குறைந்திருக்கிறது, பிறகு எதற்கு வெளியாள் என்று மேலாளர் கேட்டார். கான்ட்ராக்டர் பேச்சு அதோடு அடங்கியது.

இரண்டாவது படம் வந்தபோது, மூத்தவராகத் தெரிந்த ஓர் அதிகாரி திரையைக் காட்டினார். அந்த உயரமான பட்டையின் அடியில் இப்போது பெயர் இருந்தது.

"இத்தனை போன் ஒருத்தரேவா எடுத்தாங்க? பரவாயில்லையே! இப்ப எந்தப் பிரிவுல இருக்காங்க?"

சர்வர் சார் வாயைத் திறந்தார். முந்திக்கொண்டு மூலையிலிருந்து குரல் வந்தது.

"எங்க அக்கா சார்."

அவ்வளவுதான் சொன்னான். மேலாளர் திரும்பிச் சர்வர் சாரைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார். பிறகு அடுத்த படத்துக்குப் போனார்.

கூட்டம் முடிந்து மாடிப்படியில் மச்சினன் அவருக்காக நின்றுகொண்டிருந்தான். லிஃப்ட் மெக்கானிக்குகள் லிஃப்டில் போவதில்லை. அவன் சொன்ன காரணம், தொழில் ரகசியம்.

"பசங்ககிட்ட சொல்லிட்டேன் மாமா. ரெட்டைக் குழந்தைக்காரன் உங்களுக்கு டீ வாங்கித் தரணும்னு தேடிட்டிருக்கான்."

"எனக்கே டீயா? ஊர் தலைகீழா மாறிப்போச்சு."

இரண்டு பேரும் இறங்கினார்கள். பாதிப் படியில் மச்சினன் நின்றான்.

"படத்துல அக்கா எவ்வளவு உயரமா இருந்தா, பார்த்தீங்களா? நேர்ல என் தோளுக்குக்கூட வர மாட்டா."

"செருப்புப் போட்டா வருவா" என்றார்.

மச்சினன் சிரித்துக்கொண்டே சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தான். அவருக்குக் கண் உலர்ந்தே இருந்தது. தாடைக்குள் மட்டும் எங்கோ சுருக்கென்று ஒரு குத்தல். ஊசி மருந்தின் வேகம் இறங்க ஆரம்பிக்கும்போது முதலில் அப்படித்தான் இருக்கும்.

திங்கட்கிழமை காலை வீட்டில் வழக்கமான அவசரம். மகள் தலை வாரிக்கொண்டே ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தாள். அவர் குளியலறைக் கண்ணாடியில் பாதி முகம் சவரம் செய்திருந்தார். அப்போது கூடத்தில் ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்டது. மகள் தன் போனைப் பார்த்தாள். இல்லை. அவர் தன் பையைத் தட்டிப் பார்த்தார். இல்லை.

சுவரோரம் மூன்றாவதாக ஒரு போன் இருந்தது. தன் போனைச் சார்ஜில் போடும்போதெல்லாம் பக்கத்து வயரில் மனைவியின் போனையும் போடுவது அவர் பழக்கம். ஏன் என்று மகள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பழக்கம் என்றுதான் சொல்லியிருப்பார்.

மகள் அதை எடுத்துப் பார்த்தாள். சீப்பு தலையிலேயே நின்றது.

"அப்பா."

"என்ன?"

"அம்மாவுக்கு இன்னைக்கு டியூட்டி போட்டிருக்காங்க."

அவர் நுரை முகத்தோடு கூடத்துக்கு வந்தார். திரையில் செய்தி பளிச்சென்று இருந்தது: காலை வணக்கம். இன்று உங்கள் பணி: பகல், போன் மேசை. தாமதமின்றி வரவும்.

முழி முழியென்று முழித்தார். அப்புறம் புரிந்தது. ‘நிலை’ கட்டத்தில் எதுவும் போடாமல் விட்டால் ‘பணியில்’ என்று அட்டவணை தானே நிரப்பிக்கொள்ளும். பணியில் இருக்கிறவர்களுக்கு, சேர்ந்த தேதியின் மூப்புப்படி, வாரத்துக்கு ஒருமுறை வேலைப் பட்டியல் தானே போகும். இரண்டையும் எழுதி வைத்தவர் வேறு யார்?

விளக்குவதற்குள் அவர் போன் அடித்தது. பகல் மேசைக்குப் புதிதாக வந்த பெண். மகள் அதை அவர் பையிலிருந்து எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு அவர் முன்னால் நீட்டினாள்.

"சார், மன்னிச்சுக்கோங்க சார். லிஸ்ட்ல பகல் டியூட்டிக்கு என் பேர் இல்ல சார். அக்கா பேர் வந்திருக்கு. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. நான் இன்னைக்கு வரணுமா, வேணாமா? சார்? லைன்ல இருக்கீங்களா சார்?"

வாம்மா, நீ வா, அது என் தப்பு என்று சொல்ல வேண்டும். சின்ன வார்த்தைகள்தான். அவர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. மறுபடி முயற்சி செய்தார். தொண்டைக்குள் ஏதோ வந்து குறுக்கே நின்றுகொண்டு இந்தப் பக்கமும் வரவில்லை, அந்தப் பக்கமும் போகவில்லை. கண்ணில் சோப்பு நுரை பட்டுவிட்டது என்று முதலில் நினைத்தார். நுரை கன்னத்தில்தான் இருந்தது.

"சார்?"

அவர் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காதோரம் வைத்தார். மறுகையால் மகளைக் காட்டினார்.

மகள் அந்தக் கையையே பார்த்தாள். ஒரு வருடமாக அந்த வீட்டில் யாரும் அந்தச் சைகையைச் செய்யவில்லை. மெல்லப் போனைத் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, நான் பேசுறேன். அப்பாவுக்குத் தொண்டை சரியில்லை. நீங்க வந்துடுங்க அக்கா. அம்மா வர மாட்டாங்க."

சொல்லிவிட்டு, போனை வைக்காமல், அவள் கையைக் குவித்து அவரைப் பார்த்துக் கேட்டாள்: சாப்பாடு ஆயிற்றா?

அவர் இல்லையென்று தலையாட்டினார். பிறகு விரல் நுனிகளைத் தேய்த்துக் காட்டினார். உப்புப் போடு என்று.